போலந்துக்கு அடித்த பம்பை

நான் ஆங்கில ஆசிரியை. எனக்கு ஆங்கிலம் என்றால் பயம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது. இலக்கணம் கேளுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் எதிரே ஓர் ஆள் நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை. ஒவ்வொரு ஜூனிலும் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்து எங்கள் பிள்ளைகளில் கொஞ்சம் பேரை அள்ளிக்கொண்டு போகும். (அங்கே இங்கிலீஷ் வருமாம். இங்கே நான் வருகிறேன்.) தலைமையாசிரியர் நல்லசாமி சார் அதிர்ந்து பேசாத மனிதர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நம்ம புள்ளைங்க வெளிநாட்டுப் புள்ளைங்களோட இங்கிலீஷ்ல பேசறதப் பெத்தவங்க கண்ணால பாக்கோணுங்க டீச்சர். இல்லீன்னா அடுத்த வருசம் நீங்களும் நானுந்தான் மணியடிச்சு உக்காந்திருப்போம்."

இணையத்தில் தேடிப் பிடித்ததில் போலந்து நாட்டு ஆசிரியை ஏவா கிடைத்தார். அவருடைய மாணவர்களும் ஆங்கிலம் கற்பவர்கள்தான் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. வீடியோ அழைப்பில் அவரவர் பண்பாட்டை அவரவர் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மூன்று பேருக்குப் பொங்கலையும் இட்லியையும் உருப்போட வைத்தேன். வகுப்பில் வாயே திறக்காத கோகிலாவுக்கு வேறு வேலை கொடுத்தேன். மடிக்கணினியின் பிளக் அடிக்கடி கழன்றுவிடும். கேமராவில் படாமல் ஓரமாக உட்கார்ந்து அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பார்ப்பவர்கள் அசரட்டும் என்று மாரியம்மன் கோயில் பம்பைக்காரர் செல்வராசுவை வரச் சொன்னேன். கோயிலில் சாமி அழைக்கும்போது அடிப்பாரே, அதே அடி வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அத சும்மா அடிக்கக் கூடாதுங்க டீச்சர். ஆருக்காச்சும் அருள் வந்துருமுங்க."

"எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கா வரப் போகிறது?" என்று சிரித்தேன். நான் சேலம் டவுனில் பிறந்தவள். பம்பை எனக்குத் திருவிழாச் சத்தம், அவ்வளவுதான்.

அழைப்பு நாளன்று மத்தியானம் பெற்றோர் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் போலந்துப் பிள்ளைகள் பண்டிகைக்கு வண்ணம் பூசிய முட்டைகளைக் காட்டினார்கள். "முட்டைக்குப் பெயின்ட் அடிச்சா கெட்டுப் போயிராதுங்களா?" என்று கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். நம் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் செல்வராசுவுக்குக் கை காட்டினேன்.

பம்பை முழங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்று, கதவோரம் பார்த்துக் கும்பிட்டது. திரும்பிப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த நல்லசாமி சாரின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. "ஏய்ய்!" என்று ஓர் அலறல். மேசையைத் தாண்டி வந்து, கேமரா முன்னால் உறுமிக்கொண்டு நின்றது நல்லசாமி சார் இல்லை.

(வருடா வருடம் அவர் ஊர்ப் பண்டிகையில் அருள் வருவது அவருக்குத்தானாம். ஊருக்கே தெரியும். என்னைத் தவிர.)

போலந்துப் பிள்ளைகள் வீறிட்டார்கள். பொங்கலை ஒப்பித்தவன் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான். சார் என் பக்கம் திரும்பினார்.

"ஆருடி நீ?"

எனக்கு உயிர் போய்விட்டது. அத்தனை வருடமாக வர மறுத்த ஆங்கிலம் அப்போது பார்த்து வந்தது. "ஐ ஆம் தி இங்கிலீஷ் டீச்சர்" என்று அம்மனிடம் சொன்னேன்.

அதோடு அதுவும் தீர்ந்துபோனது. ஏவா, "டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்துகிறார். பதில் சொல்ல வேண்டியவள் நான். வாய் திறக்கிறது, காற்றுதான் வருகிறது. வேலை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, இந்த ஜூனில் வேன் போதாது, லாரிதான் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அப்போது மேசையோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டோன்ட் ஃபியர், மேடம். சார் இஸ் நவ் காட். டென் மினிட்ஸ். தென், அகெய்ன் சார்."

கோகிலா! ஒரு கை பிளக்கை விடவில்லை. முகத்தை மட்டும் கேமராவுக்குள் நீட்டியிருந்தாள்.

திரையில் சத்தம் அடங்கியது. ஒரு போலந்துப் பையன் மெதுவாக, "டஸ் இட் ஹர்ட்?" என்றான்.

"நோ. ஆஃப்டர், ஹி டிரிங்க் வாட்டர்."

அவர்கள் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் ஊரில் பெண்ணுக்கும் வரும், ஆணுக்கும் வரும், அப்போது சாமியிடம் குறை சொல்வார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் உருப்போட வைக்காத ஆங்கிலம் அது. தப்பும் தவறுமாக இருந்தது. அத்தனையும் அவர்களுக்குப் புரிந்தது. எனக்குப் பயத்தோடு பயமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பம்பை நின்றது. யாரோ கற்பூரம் காட்டி, நெற்றியில் திருநீறு வைத்தார்கள். சார் நாற்காலியில் சரிந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வழக்கமான மெல்லிய குரலில், "லைன் கிடைச்சிருச்சுங்களா டீச்சர்?" என்றார்.

பெற்றோரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு மகனை மாற்றப் போவதாக அதுவரை சொல்லிக்கொண்டிருந்த ஓர் அம்மா நேரே என்னிடம் வந்தார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

"இங்க இங்கிலீசும் வருது, சாமியும் வருதுங்க. வேனுக்கு எதுக்குங்க பீசு கட்டோணும்?"

அந்த ஜூனில் மஞ்சள் வேன் எங்கள் ஊரில் நிற்காமல் போனது. நான் அதைச் சாதனை என்று வீட்டில் சொல்லப் போய், முழுக் கதையையும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் கோபத்தில் குரலை உயர்த்தினால், என் மகள் அவள் அப்பாவின் தோளைத் தட்டி, "டோன்ட் ஃபியர், அப்பா. அம்மா இஸ் நவ் காட். டென் மினிட்ஸ்" என்கிறாள். அவர் சத்தம் காட்டாமல் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறார். (குடித்தும் விடுகிறேன், அதுதான் வெட்கக்கேடு.)