பேய்ப்படை போன வழி

"ஓய் பொன்னுலிங்கம், எனக்க விளைக்குள்ள பேய்ப்படைக்கு வழி விட ஒமக்கு ஆருவோய் அதிகாரம் தந்தது?"

விடிந்ததும் முற்றத்தில் வந்து நின்று இப்படிக் கேட்டவர் கோலப்பன். அவர் கையில் 'வச்சிரகிரிப் பேரரசு' முதல் பாகம். எழுதியவர் பொன்னுலிங்கம்.

பொன்னுலிங்கத்துக்கு வாயில் பல்பொடி, மனதில் சந்தோஷம். புத்தகம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் ஒரு ஆள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"படிச்சீரா அண்ணே?"

"படிக்கதுக்கு எனக்கென்ன கிறுக்கா? முதல் பக்கத்தப் பாத்தேன். அதுவே போதும்."

முதல் பக்கத்தில் இருந்தது ராஜ்யத்தின் வரைபடம்.

பொன்னுலிங்கம் தேங்காய் வெட்டுகிறவர். முப்பத்தாறு வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தார். ஒரு 'அ' போட அவர் பட்ட பாட்டுக்கு நாற்பது தெங்கு ஏறி இறங்கியிருக்கலாம். ஆனால் எழுத்து வந்த பிறகு கதையும் வந்தது. மரத்தில் நின்றால் மட்டும்தான் வரும். மேலே இருந்து பார்க்கையில் ஓலைக்கூரை அரண்மனையாகும், ஓடை கடலாகும். கீழே இறங்கினால் மறந்துவிடும். அதனால் இடுப்பில் அரிவாளோடு ஒரு பென்சிலும் இருக்கும்.

வரைபடமும் அப்படி மேலே நின்று கண்டதுதான். கோலப்பனின் தென்னை விளைக்கு இருளாடி நாடு என்று பெயர் போட்டார். அதற்குப் பின்னால் கிடந்த நேசம்மாள் விளை வெள்ளிக்கோட்டை ஆனது. பெயரை மாற்றத் தெரிந்தது. கிணற்றையும் பலாவையும் இடம் மாற்றத் தெரியவில்லை. பேய்ப்படை போக வழி வேண்டுமே என்று இரண்டு கோடு இழுத்தார். அது இருளாடி நாட்டின் நடு நெஞ்சு வழியாகப் போய்விட்டது.

"அது கதையாக்கும் அண்ணே."

"கதையா? அந்த நேசம்மாள் இந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டு எனக்க கிட்டயே கேக்கா. பேய்ப்படைக்கு வழி உண்டு, எனக்க மருமவனுக்க ஆட்டோவுக்கு இல்லியான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

பொன்னுலிங்கம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அடுத்த பாகத்தில் வழியை அழித்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். செய்தும் விட்டார். இரண்டாம் பாகத்தின் வரைபடத்தில் வழி இல்லை. ஆனால் வெறும் இடமாக விட்டால் ராஜ்யம் மொட்டையாகத் தெரிகிறதே என்று அந்த இடத்தில் வெள்ளிக்கோட்டை வரைக்கும் ஒரு ஆற்றை ஓடவிட்டார்.

புத்தகம் வந்த மூன்றாம் நாள் நேசம்மாள் வந்தாள்.

"ஏ பொன்னுலிங்கம், வழிய அழிச்சே, போட்டு. ஆத்த எதுக்கு எனக்க மாட்டுத் தொழுத்துக்குள்ள விட்டே? பசு என்ன நீந்திப் போயா புல்லு திங்கும்?"

அவள் போவதற்குள் கோலப்பனும் வந்துவிட்டார்.

"ஓய், தக்கலையில இருந்து ஒரு ஆளு எனக்க விளைய வெலைக்குக் கேட்டு வந்தான். இப்ப வேண்டாம்னுட்டுப் போயாச்சு. ஆத்துப் புறம்போக்க வாங்கினா நாளைக்கு சர்க்காரு எடுத்துக்கிடுமாம்."

"ஆறு எங்க அண்ணே இருக்கு? அங்க நனையதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி உண்டா?"

"அத நான் சொல்லாமலா? அச்சில வந்திருக்கே, பொய்யா இருக்குமான்னு கேக்கான்!"

வீட்டுக்குள்ளிருந்து மனைவி முத்துக்கனியின் குரல் வந்தது. "கேட்டியளா, மத்தவன் கள்ளக் குடிச்சிட்டு ஊரோட சண்டை இழுப்பான். ஒங்களுக்கு அரை பென்சிலு போதும்."

"ஏட்டி, சும்மா கெட."

ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த ஆற்றை ஒரு மலைநாகம் ஒரே மடக்கில் குடித்துவிட்டது என்று அரைப்பக்கத் தாளில் அச்சடித்தார். விற்காத பிரதி முழுக்க வீட்டில்தானே கிடந்தது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து மைதாப் பசையில் ஒட்டினார்கள். கோலப்பனுக்கும் நேசம்மாளுக்கும் ஆளுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலையில் விளையில் ஒரே கூச்சல். பொன்னுலிங்கம் ஓடினார். இரண்டு பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

"ஆறு வத்திப்போச்சுன்னா அந்த மண்ணு ஆருக்கு? கரை எனக்கது, அப்ப மண்ணும் எனக்கது!" என்றார் கோலப்பன்.

"தண்ணி நின்னது எனக்க தொழுத்துலயாக்கும்! நீரு வேலியத் தள்ளி வையும்!" என்றாள் நேசம்மாள்.

வழிச் சண்டை ஆற்றுச் சண்டையாகி, இப்போது ஓடாத ஆற்றின் இல்லாத மணலுக்கான சண்டையாகிவிட்டது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாக நின்றார்கள். பொன்னுலிங்கத்தை இனி எந்த மரத்திலும் ஏற்றக்கூடாது. ஏற்றினால் அடுத்த படத்தை வரைந்துவிடுவான். ஊரும் அதையே சொன்னது. தேங்காய் வெட்ட அருமனையிலிருந்து வேறு ஆள் வந்தான்.

பொன்னுலிங்கத்துக்குப் பிழைப்பு போனது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை மூன்றாம் பாகம். அதோடு கதை முடிய வேண்டும். நாகர்கோவில் பதிப்பாளர் நாள் தவறாமல் போன் செய்தார்.

"எண்ணே, ஒங்க கதாநாயகன் வீரசூடன் ஆறு மாசமா குகைக்குள்ளயே நிக்கான். வெளிய விடுவியளா மாட்டியளா?"

தரையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். எதிரே காம்பவுண்டுச் சுவர்தான் தெரிந்தது. இரண்டு அத்தியாயம் முழுக்கச் சுவராகவே வந்தது. முத்துக்கனிக்கு வாசித்துக் காட்டினார். அவள் மூன்றாவது பக்கத்தில் உறங்கிப்போனாள். பொன்னுலிங்கத்துக்கு அழுகை வந்தது. பதினொரு வருஷம் தெங்குதெங்காக ஏறிக் கட்டிய ராஜ்யம், கடைசி இருபது பக்கம் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது.

கடைசியில் நேரே கோலப்பனிடம் போனார்.

"அண்ணே, என்ன செய்தா என்னய மரத்துல ஏற விடுவீரு?"

கோலப்பன் யோசித்தார். "சர்க்காரு படத்த வச்சு அளக்கட்டு. ஒம்ம படம் முழுப்பொய்யின்னு எல்லாருக்க முன்னாலயும் தெளியட்டு. பொறவு நீரு நாளைக்கே ஏறும்."

நேசம்மாளும் சம்மதித்தாள். "அது நியாயம். சர்க்காரு படத்துல வழி இல்லேன்னா நான் வாய் தொறக்க மாட்டேன்."

பொன்னுலிங்கமே மனு எழுதினார். அவர் வாழ்க்கையில் கற்பனை கலக்காமல் எழுதியது அது ஒன்றுதான். மனுவோடு ஏழு தடவை தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கினார். தெங்கு ஏறுவதே இதற்கு எளுப்பம் என்று பட்டது.

ஒருவழியாகச் சர்வேயர் வந்தார். ரீத்தா என்று பெயர். சங்கிலி பிடிக்க ஒரு ஆளும் கூட வந்தான். ஊரே விளையில் கூடிவிட்டது. பொன்னுலிங்கம் மரமேறக் காலில் மாட்டும் தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அளந்து முடித்ததும் பக்கத்துத் தெங்கில் ஏறிவிட வேண்டும், வீரசூடனைப் பொழுது சாய்வதற்குள் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

"மேடம், நீங்களே சொல்லுங்க," என்றார் அவர் கையைக் கூப்பி. "எனக்க படம் சுத்தக் கற்பனை. சர்க்காரு படத்த எடுத்து இவிய ரெண்டு பேருக்கும் காட்டிருங்க. அது போதும்."

"நீங்கதான் பொன்னுலிங்கமா?" சர்வேயர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, காக்கி அட்டை போட்டு ஆபீஸ் முத்திரை குத்திய 'வச்சிரகிரிப் பேரரசு' முதல் பாகத்தை வெளியே எடுத்தார்.

"பழைய படத்தக் கறையான் தின்னு நாலு வருஷம் ஆச்சு சார், ஊர்ல நாங்க இத வச்சுத்தான் அளந்து பட்டா குடுக்கோம், மூணாம் பாகத்த சீக்கிரம் எழுதுங்க, இதுல இல்லாத மேற்குப் பக்கம் பூரா அளக்காம கெடக்கு."