கார் இல்லாத வீட்டில் மூன்று பாயிண்ட்

"சார், மாதா படத்தக் கொஞ்சம் நகத்திக்கலாமா? இந்த எடத்துலதான் ஓட்டை போடணும்" என்று கேட்டான் எலெக்ட்ரீஷியன் சிவநாதன். கேட்கும்போதே டிரில்லைச் சுவரில் வைத்துவிட்டான்.

யேசுராஜ் மாதாவைப் பார்த்தார். பிறகு மனைவி ஜூலியட்டைப் பார்த்தார். இருவரில் மாதாவின் முகம்தான் சாந்தமாக இருந்தது.

"ஏங்க, நம்மகிட்ட ஒரு காருகூடக் கெடயாது" என்றாள் ஜூலியட். "காருக்கு சார்ஜ் போட எதுக்கு நம்ம சுவத்தத் தோண்டுறோம்?"

"காரு நமக்கில்ல. சம்பந்திக்கு."

போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற யேசுராஜிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர்தான். ஆனால் அவருடைய தலத்தெரு வீட்டில் கார் ஷெட் உண்டு. என்றைக்காவது ஒரு கார் வாங்கிவிடுவோம் என்ற தைரியத்தில் கட்டியது. கார் வரவில்லை. அதற்குப் பதிலாக கிரைண்டரும், தேங்காய் மட்டைகளும், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் ஆடுமாடுகளும் அங்கே குடியேறியிருந்தன.

எல்லாம் மகள் ஜெனிஷாவைப் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்தது. மாப்பிள்ளை டைட்டஸுக்குக் கப்பலில் வேலை. அவன் நடுக்கடலில் இருந்ததால் அவனுடைய அப்பா அருளப்பனும் அம்மாவும் மட்டும் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். வந்த கார் சத்தமே போடாமல் வாசலில் நின்றது. பச்சை நம்பர் பலகை, அதில் மஞ்சள் எழுத்து. பச்சைப் பலகை என்றால் கரண்டில் ஓடும் கார் என்று யேசுராஜ் பேப்பரில் படித்திருந்தார். பெரிய இடம்தான் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

காரை ஓட்டி வந்த செல்லையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

சம்பந்தி வீட்டு டிரைவர் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? யேசுராஜ் சமையலறை ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் கொடுத்தார். அதே நேரம் ஜூலியட் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள். வீடு மொத்தமும் கரண்ட் படுத்துவிட்டது. சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத கூடத்தில், அருளப்பன் பேப்பரால் விசிறிக்கொண்டே டிபன் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதுதான் யேசுராஜுக்கு உறுத்தியது. போன வருடம் வந்த சம்பந்தமும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனது. விசாரித்ததில், கொடுத்த காபியில் ஆடை மிதந்ததாம். ஜெனிஷா அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு நெடுநாள் வரை அவள் காபியே குடிக்கவில்லை. அது யேசுராஜின் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. இப்போது டைட்டஸின் போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி காபி குடிக்கத் தொடங்கியிருந்தாள். நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. இந்தச் சம்பந்தம் ஒரு பிளக்கால் கெட்டுப் போகக் கூடாது.

"ஒரு ஃபோன் போட்டு அவங்ககிட்டயே கேளுங்களேம்ப்பா" என்றாள் ஜெனிஷா. "எந்த வண்டில வர்றீங்க, சார்ஜ் வேணுமான்னு."

லுங்கியோடு பூசைக்குப் போகச் சொன்னதைப் போல யேசுராஜ் அவளைப் பார்த்தார். "பொண்ணப் பெத்தவன் மாப்பிள்ளை வீட்டுல போயி, எந்த வண்டில வர்றீங்கன்னு கேக்குறதா? வசதியத் துருவிப் பாக்குறான்னு சொல்லமாட்டாங்களா?"

கேட்கவோ சொல்லவோ வேண்டியது எதுவாக இருந்தாலும் அதற்கு யாகப்பன் இருந்தார். யேசுராஜின் பெரியப்பா மகன், அருளப்பனுக்கும் ஒரு வழியில் சொந்தம். சம்பந்தம் பேசி முடித்தவரே அவர்தான். ஒரு வீட்டுச் சேதியை மறு வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போவார்.

"அண்ணே, நிச்சயத்துக்குள்ள ஷெட்டுல சார்ஜ் பாயிண்ட் போட்டுடறோம். அவங்க காதுல மெதுவா போட்டு வைங்க" என்று யேசுராஜ் ஃபோனில் சொன்னார்.

மறுநாள் பதில் வந்தது. "போட்டுட்டேன் தம்பி. கரண்டு கார்லதான் வர்றாங்களாம்."

"பாத்தியா?" என்று யேசுராஜ் ஜூலியட்டிடம் சொன்னார். மாதா பக்கத்துச் சுவருக்கு மாறினாள்.

பாயிண்ட் நன்றாகத்தான் வேலை செய்தது. என்ன ஒன்று, அந்த சுவிட்சைப் போட்டால் வாசல் காலிங் பெல் தானாக அடித்தது. ஜூலியட் மூன்று முறை கதவைத் திறந்து பார்த்து ஏமாந்தாள்.

"அதுக்கென்ன சார், பெல்லக் கழட்டிடலாம்" என்றான் சிவநாதன். நெரவியிலிருந்து வரும் இந்தப் பிள்ளையிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் 'அதுக்கென்ன' என்றுதான் பதில் தொடங்கும். வேலையைவிட அந்தத் தைரியத்துக்காகவே அவனைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

பூரிப்பில் யேசுராஜ் மறுபடி யாகப்பனைக் கூப்பிட்டார். "பாயிண்ட் ரெடிண்ணே. இன்னொரு வண்டி வந்தாலும் பாத்துக்கலாம்னு சொல்லுங்க."

அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். மறுநாளே யாகப்பன் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, ரெண்டு வண்டியாம். ரெண்டும் கரண்டு."

இரண்டாவது பாயிண்டுக்கு வீட்டுக்கு வரும் லைன் தாங்காது, த்ரீ ஃபேஸ் வாங்க வேண்டும், மீட்டரை ஷெட் பக்கம் மாற்ற வேண்டும் என்றான் சிவநாதன். அதற்கு முற்றத்தில் பள்ளம் தோண்டினான். தோண்டியதில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பக்கத்து வீட்டு ஆஸியா பீவி மதில் மேலாகக் குடம் குடமாகத் தண்ணீர் கொடுத்தார்.

"ஏன் தம்பி, டாக்ஸி கம்பெனி ஏதும் வைக்கப் போறியளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, பொண்ணுக்கு நிச்சயம்."

ஆஸியா பீவிக்கு இரண்டுக்கும் தொடர்பு புரியவில்லை. நல்லபடியா நடக்கட்டும் என்று துஆ செய்துவிட்டு அடுத்த குடத்தை நீட்டினார்.

ஷெட்டைக் காலி செய்ததால் கிரைண்டர் கூடத்துக்கு வந்தது. ஆடுமாடுகள் ஜெனிஷாவின் கட்டிலுக்குக் கீழே போயின. மெயின் போர்டை மாற்றியதில் சுவிட்சுகள் இடம் மாறிவிட்டன. குளியலறையில் விளக்கு வேண்டுமென்றால் சமையலறையில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

"அதுக்கென்ன சார், வீட்டுல ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டா நல்லதுதானே" என்றான் சிவநாதன்.

ஜூலியட் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். யேசுராஜ் இருட்டில் குளித்தார்.

அந்த நேரம் பார்த்து யாகப்பன் எதற்கோ ஃபோன் செய்தார். யேசுராஜ் வாய் சும்மா இருக்காமல், "வேலை பெருசாப் போய்ட்டுண்ணே. த்ரீ ஃபேஸ் வந்தாச்சு. எத்தன வண்டி வந்தாலும் தாங்கும்" என்றார்.

"அப்படியா? அங்க சொல்லிடறேன்" என்றார் யாகப்பன். அன்று மாலையே சேதி வந்தது. மூன்று வண்டி.

மூன்றாவது பாயிண்டும் போட்டாயிற்று. இந்த முறை எதுவும் உடையவில்லை. அதுவே யேசுராஜுக்குப் பயமாக இருந்தது.

நிச்சயத்தன்று மூன்று கார்கள், மூன்றிலும் பச்சைப் பலகை, வரிசையாக வந்து நின்றன. தெருவே வேடிக்கை பார்த்தது. முதல் காரிலிருந்து அருளப்பனும், முதல் நாள்தான் கரையிறங்கிய டைட்டஸும் இறங்கினார்கள். யேசுராஜுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் வணங்கி உள்ளே அனுப்பிவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்.

அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஷெட்டில் ஒரு கார்தான் நுழையும். இத்தனை நாள் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதுக்கென்ன சார்" என்று ஆரம்பித்த சிவநாதன், யேசுராஜின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இரண்டு நீள வயர்களைத் தெரு வரைக்கும் இழுத்தான்.

செல்லையன் தலையைச் சொறிந்தான். "இருக்கட்டும் சார். வேணாம்."

"நம்ம வீட்டுல என்ன கூச்சம் தம்பி?"

"இல்ல சார், இருக்குறதே போதும்."

"எங்க போதும்? திண்டுக்கல் என்ன பக்கத்துலயா இருக்கு? கொஞ்சமாவது ஏத்திக்குங்க."

பந்தியில் இலையை மறைக்கிற விருந்தாளிக்கு வலுக்கட்டாயமாகப் பாயசம் ஊற்றுவதுபோல, யேசுராஜ் தம் கையாலேயே மூன்று கார்களுக்கும் பிளக்கைச் செருகிவிட்டுத்தான் உள்ளே போனார்.

கூடத்தில் பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்து, டைட்டஸைப் பார்த்து, "இந்தச் சம்பந்தத்துல உமக்கு முழுச் சம்மதந்தானா?" என்று மைக்கில் கேட்டார்.

டைட்டஸ் வாயைத் திறந்தான். கழற்றிப் பரணில் போட்டிருந்த காலிங் பெல்லின் வயர் மட்டும் சுவரில் படபடவென்று பொரிந்தது. மைக் அணைந்தது. மின்விசிறிகள் நின்றன. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அருளப்பனின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அருளப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். யேசுராஜுக்குக் காபியில் மிதந்த ஆடை கண்முன்னால் வந்தது. ஜெனிஷா தலை குனிந்து நின்றாள். அவள் விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், அந்த மூன்று பாயிண்டையும் பிடுங்கி எறிய வேண்டும்போல அவருக்கு இருந்தது.

"சாமி" என்றார் அருளப்பன். "மோதிரம் மாத்துறதுக்குக் கரண்டு எதுக்கு? நடத்துங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. டைட்டஸ் மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி "சம்மதம் சாமி" என்றான். மோதிரங்கள் மாறின. யேசுராஜ் வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார். ஜூலியட் பல நாளுக்குப் பிறகு அவருடன் பேசினாள். "போயி எல முன்னாடி நில்லுங்க. சம்பந்திய கவனிங்க" என்றாள்.

அருளப்பன் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் யேசுராஜுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சம்பந்தியை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டு வண்டிக்குச் சார்ஜ் இல்லாமல் அனுப்புவதா? கை கழுவிக்கொண்டிருந்த செல்லையனைத் தேடிப் போனார்.

"தம்பி, பாதிகூட ஏறியிருக்காது. மொதலாளிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. கல்யாணத்துக்குள்ள நாலா போட்டுடறேன்."

செல்லையன் பதறிப்போனான். "ஐயையோ, வேணாம் சார். அவுரு மொதலாளியெல்லாம் இல்ல, நான் தஞ்சாவூர்ல டாக்ஸி ஓட்டுறவன். பொண்ணு பாக்க வந்தன்னிக்கி அவங்க டீசல் வண்டி தஞ்சாவூர்ல மக்கர் பண்ணிட்டு, என் வண்டியப் புடிச்சாங்க. மஞ்ச எழுத்துன்னா வாடக வண்டிதானே சார்?"

யேசுராஜ் தெருவில் நின்ற மூன்று பலகைகளையும் பார்த்தார். மூன்றிலும் மஞ்சள் எழுத்து.

"அப்ப இன்னிக்கு எதுக்கு மூணு?"

செல்லையன் பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க பாயிண்ட் மேல பாயிண்டா போடறீங்கன்னு யாகப்பன் சார் ஃபோன் பண்ற ஒவ்வொரு தடவையும், கரண்டு காருல வரலன்னா பொண்ணு வீட்டுல மதிக்கமாட்டாங்க போலருக்கேன்னு பயந்துபோயி, அருளப்பன் சார் எனக்கு ஃபோன் போட்டு இன்னொரு வண்டி சொல்லிட்டே இருந்தாரு சார்."