காதுகுத்து வீட்டில் கருந்துளை

ஞாயிற்றுக்கிழமை கடமலைக்குண்டுக்குப் போவதில்லை என்று வீராவேசமாக முடிவெடுத்தேன். அங்கே மச்சான் மகளுக்குக் காதுகுத்து. இங்கே ஆண்டிபட்டியில் நண்பன் கருத்தக்கண்ணன் வீட்டில் டி.வி.யில் கிரிக்கெட், கூடவே நாட்டுக்கோழி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அன்னிக்கு வாசகர் வட்டத்துல என் பேச்சு இருக்கு மாரீஸ்வரி. முன்னமே ஒத்துக்கிட்டேன்," என்றேன் மனைவியிடம்.

"எதப் பத்திங்க?"

"கருந்துளை." யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்றுதான் அதைச் சொன்னேன்.

"அப்படின்னா?"

கேட்டுவிட்டாள்.

"அது... வானத்துல ஒரு ஓட்டை."

"யாரு போட்டது? இம்புட்டுத்தான் தெரியும்னா சபையில மானம் போயிரும். தெனமும் படிச்சு எங்கிட்ட ஒப்பிச்சாத்தான் சாப்பாடு."

படித்தேன். கல்லூரியில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டராகியிருப்பேன்.

ஞாயிறு காலை சலவைச் சட்டையோடு வெளியே வந்தேன். எங்கள் கார் வாசலில் நின்றது. ஸ்டியரிங்கில் மாரீஸ்வரி.

"வாசகர் வட்டத்துக்குப் போன் போட்டேங்க. இன்னிக்குக் கூட்டமே இல்லையாம். பாவம், உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டாக போல. படிச்சது வீணாப் போகலாமா? அண்ணன்கிட்டச் சொல்லி மைக் ஏற்பாடு பண்ணிட்டேன். ஏறுங்க."

ஏறினேன்.

காது குத்தி முடிந்ததும் மைக் என் கைக்கு வந்தது. முன்வரிசையில் மாமனார் சீனிச்சாமி. படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"சூரியனவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரங்க இருக்கு. உள்ள எரியுற வரைக்கும் அந்தச் சூட்டோட அழுத்தம் அதோட பாரத்தத் தாங்கும். எரிய ஒண்ணுமில்லாமப் போனா, தன் பாரத்துல தானே உள்ளுக்குள்ள நொறுங்கிரும். மிச்சமிருக்குற நடுப்பகுதி ரொம்பக் கனமா இருந்தா, அதுதான் கருந்துளை. அதுக்குள்ள மாட்டுனா வெளிச்சம்கூட வெளிய வர முடியாது."

பந்தலுக்கு வெளியே பார்த்தேன். கார் இருந்தது. சாவி மாரீஸ்வரி கையில் இருந்தது.

"நம்ம சூரியனும் அப்படி ஆயிருமா மாப்ள?" என்றார் மாமனார்.

"ஆகாது மாமா. அதுக்கு அம்புட்டுப் பாரம் இல்ல."

"அப்ப வெள்ளாமைக்குப் பயமில்ல."

கைதட்டினார்கள். மாமனார் எழுந்து வந்து என் தோளில் துண்டு போர்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பெரிய கூட்டத்த விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்தீகளாம், மாரீஸ்வரி சொல்லுச்சு. நீங்க எங்கள மதிக்கிறதில்லைனு நான்தான் தப்பா நெனச்சிட்டேன் மாப்ள."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கோழித்துண்டுக்காகவா இந்த மனிதரை ஏமாற்றப் பார்த்தேன்? நிஜமாகவே வெட்கப்பட்டேன்.

மாரீஸ்வரி பக்கத்தில் வந்து துண்டைச் சரிசெய்தாள். காதோடு சொன்னாள்:

"வர்ற மாசம் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. நிலாவப் பத்திப் படிச்சு வைங்க."