காமாக் கதிர் எங்கே இருக்கிறான்?

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படியிருந்தும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏழு மாதம் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் ஒருத்தி இப்போது தாதியாக இருக்கிறாள். அவளுடைய நோயாளிகள் பிழைப்பதற்கு நான் காரணமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டைக் காலம். வாகரையில் விறகு ஏற்றினேன், வாவியில் இறால் பிடித்தேன், ஏறாவூரில் ஒரு கடையில் மூட்டை சுமந்தேன். ஓரிடத்தில் மூன்று மாதம் தரித்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். அப்படிச் சுற்றித் திரிந்து தன்னாமுனைப் பக்கம் வந்தபோது, ஓலைக் கொட்டிலில் ரியூசன் நடத்திய தங்கராசா அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொழும்புக்குப் போன விஞ்ஞான மாஸ்டர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளுக்குச் சோதனை வர ஏழு மாதம்தான் இருந்தது.

"தம்பி, வாசிக்கத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் அண்ணன்."

"சத்தமாக் கதைப்பியா?"

"அது நல்லா வரும்."

"அப்ப நீதான்கா விஞ்ஞான மாஸ்டர்."

(இதைவிடச் சுருக்கமான நேர்முகத் தேர்வை நான் கேள்விப்பட்டதில்லை.)

போனவர் விட்டுப்போன பாடநூலை மத்தியானத்தில் வாசித்து, பின்னேரத்தில் படிப்பிப்பேன். எனக்கே விளங்காததைப் பிள்ளைகளுக்கு விளக்க ஒரே வழிதான் இருந்தது. எல்லாவற்றையும் ஆட்களாக மாற்றிக் கதை சொன்னேன். சோடியம் அணுவுக்கு என் கொப்பியில் நான் எழுதிய குறிப்பு இது:

"வட்டை நடுவில் வாடி. அதற்குள் கிடப்பவர்கள் அசையமாட்டார்கள். சுற்றிவர மூன்று வரம்பு. முதல் வரம்பில் இரண்டு பேர், அடுத்ததில் எட்டுப் பேர், கடைசி வரம்பில் ஒருவன். கடைசியில் நிற்பவனை நம்ப ஏலாது. இலேசாக மற்றப் பக்கம் போய்விடுவான்."

வட்டை என்பது வயல்வெளி, அதன் நடுவில் காவலுக்குப் போட்ட குடிசைதான் வாடி. வாடி அணுவின் கரு, உள்ளே கிடப்பவர்கள் புரோத்தனும் நியூத்திரனும், வரம்பில் சுற்றுபவர்கள் இலத்திரன்கள். வேளாண்மை வீட்டுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த பாடம் கதிர்த்தொழிற்பாடு. சில கருக்கள் நிலைகொள்ளாமல் தாமாகவே சிதைந்து கதிர்களை வீசும் என்று புத்தகம் சொன்னது. (நிலைகொள்ளாமல் இருப்பது பற்றி எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.) "கதிர் எண்டா என்ன?" என்று கேட்டேன். "அறுக்கிறது சேர்!" என்று வகுப்பே கத்தியது. சரி, இந்தக் கதிர்களையும் ஆட்களாக்க வேண்டியதுதான் என்று எழுதினேன்:

"அல்பாக் கதிர்: தடியன். மறை ஏற்றம். ஒரு கடதாசியால் மறிக்கலாம். பீற்றாக் கதிர்: மெலிந்தவன், வேகமானவன். அலுமினியத் தகடு வேண்டும். காமாக் கதிர்: மகா ஆபத்தானவன். ஊடுருவும் வல்லமை கூட. மதிலையும் தாண்டி வருவான். தடித்த ஈயம்தான் அவனுக்கு மருந்து."

கொட்டிலில் கணிதம் படிப்பித்த சாந்தி ரீச்சர் இதை வாசித்துவிட்டு, "இதென்ன மாஸ்டர், பாடக் குறிப்பா, ஊர்ப் புதினமா?" என்றாள். "அல்பாட ஏத்தத்தையும் ஒருக்காப் பாருங்க" என்றும் சொன்னாள். அவளுக்கு என்னில் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

குறிப்புகளை ரோணியோ மெசினில் பிரதி அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க, ஒரு சனிக்கிழமை காலை ஏறாவூருக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். சாந்தி ரீச்சரும் தன் சைக்கிளில் வந்தாள். வழியில் ஆமிச் சோதனைச் சாவடி. இறங்கி உருட்டிக்கொண்டு போனோம். பெண்களுக்கு வேறு வரிசை. அவள் கடந்து போய்விட்டாள். என் பையிலிருந்த கொப்பியை ஒரு கோப்ரல் எடுத்தார். கெட்ட காலத்துக்கு, அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

முதலில் சோடியம் படத்தைப் பார்த்தார். வட்டத்துக்குள் வட்டம், வட்டத்தில் புள்ளிகள். பிறகு பக்கத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டினார்.

"வாடிக்குள்ள யாரு இருக்கிற?"

"புரோத்தன், சேர்."

"காவலுக்குப் பதினொரு ஆள். கடைசி ஆள் மற்றப் பக்கம் வாறதா?" குரலைத் தாழ்த்தினார். "எங்கட பக்கமா?"

"குளோரின் பக்கம், சேர்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். கதிர் என்பது எங்கள் பகுதியில் நெல்லும் ஒளியும் மட்டுமல்ல, ஆம்பிளைகளின் பெயரும்தான். அதற்கு முன்னால் அல்பா, பீற்றா என்று சேர்ந்தால் இயக்கப் பெயர் மாதிரி இருக்கும் என்பது, அவர் முகம் மாறியபோதுதான் எனக்கு உறைத்தது. ஊடுருவுவான், மதில் தாண்டுவான், ஈயம்தான் மருந்து. ஈயத்தில்தான் துப்பாக்கிச் சன்னமும் செய்கிறார்கள்.

"அல்பாக் கதிர். மறை ஏற்றம்." நிறுத்தினார். "மறைச்சு என்ன ஏத்தினது? லொறியிலயா?"

"லொறி இல்ல சேர், அது மின்னேற்றம்..."

"காமாக் கதிர் எங்க இருக்கிறான்?"

"எல்லா இடத்திலயும் இருக்கிறான் சேர்" என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்குமாம். உண்மையை அதைவிடப் பிழையான இடத்தில் நான் சொன்னதில்லை.

"கொஞ்சம் இரு" என்றார்.

அந்த நாட்களில் எங்களை நடுங்க வைத்த வார்த்தை அதுதான். என்னோடு இறால் பிடித்த ஒருவனிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவன் வீட்டில் இன்னும் காத்திருக்கிறார்கள். மணல் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தினேன். பதினொரு மணிக்குப் பெரிய முகாமிலிருந்து வாகனம் வரும், அதில் என்னை ஏற்றுவார்கள் என்று காவலுக்கு நின்றவன் சைகையும் அரைகுறைத் தமிழுமாகச் சொன்னான். தடைக்கு அந்தப் பக்கம் சாந்தி ரீச்சர் சைக்கிளோடு வெயிலில் நின்றாள். போகச் சொல்லி இரண்டு முறை கத்தினார்கள். அவள் போகவில்லை.

வாகனம் வரமுதல் ஓர் இளம் அதிகாரி வந்தார். கோப்ரல் கொப்பியைக் காட்டிச் சிங்களத்தில் மூச்சுவிடாமல் சொன்னார். அதிகாரி வட்டங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"நீ மாஸ்டர் எண்டா, அந்த மூண்டு பேரிட அடையாளம் எழுதிக் காட்டட்டாம்" என்றார் கோப்ரல்.

அங்கேதான் என் படிப்பின் எல்லை இருந்தது. அந்தக் கிரேக்க எழுத்துகளைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், எழுதிப் பழகவில்லை. வகுப்பிலும் வடிவத்தைப் பார்த்து மீன், வயிறு பெருத்த வண்டிக்காரி, தூண்டில் என்றே சொல்லிச் சமாளித்திருந்தேன். பேனையை வாங்கினேன். முதலில் ஒரு மீன் கீறினேன். (பழக்கதோசத்தில் கண்ணும் வைத்துவிட்டேன்.) பக்கத்தில் வயிறு தள்ளிய ஒரு பெண். கடைசியில் தலைகீழாக ஒரு தூண்டில்.

அதிகாரி அந்த மீனை நெடுநேரம் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. "அல்பா, பீட்டா, காமா!" என்று சொல்லி, கொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கோப்ரலுக்கு விளங்க வைக்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. தானும் ஒரு வருடம் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்ததாகச் சொன்னாராம்.

எனக்குப் போன உயிர் பாதி திரும்பியது. ஆனால் அவர் கொப்பியைத் தரவில்லை. "மறை" என்றால் என்ன என்று கோப்ரல் மூலம் கேட்டார். காற்றில் விரலால் ஒரு சிறு கழித்தல் கோடு இழுத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, அந்தச் சொல்லை வெட்டி, பக்கத்தில் பெரிதாக இரண்டு சக (+) அடையாளம் போட்டார்.

"அல்பாக்கு நேர் ஏத்தமாம்" என்றார் கோப்ரல். "இப்பிடிப் படிப்பிச்சா புள்ளைகள் பெயிலாகுமாம். பிழையைத் திருத்திறதுக்குத்தான் விடுறாராம். ஓடு!"

நான் ஓடவில்லை. சைக்கிளை ஊன்றிக்கொண்டு நடந்து, தடையைத் தாண்டி, சாந்தி ரீச்சருக்குப் பக்கத்தில் போய் வீதியோரத்தில் இருந்துவிட்டேன். வாவிப் பக்கமிருந்து வந்த காற்றை அன்றுதான் முதன்முதலாக மூக்கால் இழுப்பவன் மாதிரி இழுத்தேன். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கண் சிவந்திருந்தது. கொப்பியை வாங்கி, சிவப்பு மையைப் பார்த்தாள்.

"இதைத்தானே நான் போன கிழமையே சொன்னன்" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். பிறகு மீனைக் கண்டாள். "இதுக்கு ஏன் மாஸ்டர் கண்?" என்று, அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். வீதியால் போனவர்கள் எங்களுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று ஒதுங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில், "அல்பாவுக்கு நேர் ஏற்றம், திருத்தி எழுதுங்கள்" என்றேன்.

"ஆர் சேர் சொன்ன?" என்றான் ஒருவன்.

"ஆமிக்காரன்."

நான் சொன்ன எதையும் அவர்கள் அவ்வளவு கெதியாக எழுதியதில்லை. அந்த வருடச் சோதனையில் அல்பாவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. என் பிள்ளைகள் ஒருவரும் அதில் பிழைவிடவில்லை.

சோதனை முடிந்ததும் என் கால் வழக்கம்போல அரித்தது. ஆனால் வெயிலில் அசையாமல் நின்ற ஒருத்தியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அடுத்த வருடம் சாந்தி ரீச்சரைக் கட்டினேன். கதை எனக்கு முன்னாலேயே அவள் வீட்டுக்குப் போயிருந்தது. அவளுடைய அண்ணன் பிள்ளைகள் என்னைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. அவர்களுக்கு நான் காமா மாமா.

அவர்கள் வளர்ந்து, கனடா வரை போய்விட்டார்கள். கலியாண வீடுகளில் சபை நடுவில் "காமா மாமா வந்திட்டார்!" என்று கத்துகிறார்கள். புதுச் சம்பந்திமார் என்னை மேலும் கீழும் பார்த்து, தங்கள் பெண்பிள்ளைகளை மெல்ல மற்றப் பக்கம் நகர்த்துகிறார்கள். உடனே சாந்தி எழுந்து, "ஐயோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்லகா!" என்று சொல்லி, அணுவின் கருவிலிருந்து கதையைத் தொடங்குவாள்.