கபரேத்தேவுக்கு இரண்டே பேர்

ஸ்பகெட்டிச் சட்டியின் மூடியை நோரிஸ் அரை விரல் அகலம்தான் திறந்தாள். அதற்குள் வாசனை சுவரேறிக் குதித்துவிட்டது.

"கடலுக்கா கெளம்புற?" என்றாள் பக்கத்து வீட்டு சுனில்தா, ஜன்னல் வழியாக.

"சும்மா, பசிக்குதுன்னு."

சுனில்தா நம்பவில்லை. சந்தியாகோவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டில் சட்டி நிறைய ஸ்பகெட்டி வெந்தால் அது கடற்கரைக்குத்தான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

அன்று நோரிஸுக்குப் பதினைந்தாவது கல்யாண நாள். கணவன் எலிஹியோவின் பைக்கில் கபரேத்தே கடற்கரைக்குப் போக வேண்டும். அலைமேல் பலகை விடும் பையன்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருவரும் நாள் முழுக்கப் பேச வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பதினோரு பேர் குடியிருக்கும் வீட்டில் அவனிடம் ஒரு பேச்சைக் குறுக்கீடு இல்லாமல் முடித்து எத்தனை வருடமாயிற்றோ, அவளுக்கே மறந்துவிட்டது.

எலிஹியோ தலையைச் சொறிந்துகொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"அம்மா மோப்பம் பிடிச்சுட்டாங்க. மரியாதைக்கு நீயும் வாயேன்னு கூப்பிட்டு வச்சேன். முட்டி வலி, எங்க வரப் போறாங்க?"

"வந்தா?"

"தொப்பி தேடிட்டிருக்காங்க."

நோரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துத் தண்ணீரில் போட்டாள்.

கால் மணி நேரத்தில் மறுபடி வந்தான். "அம்மாவை பைக்ல எப்படி ஏத்துறது? வேன் சொல்லிட்டேன். பதினஞ்சு சீட்டு காலியா போனா நல்லாவா இருக்கும்? அக்கா குடும்பத்தையும் கூப்பிட்டேன்."

"மோதிரத்துக்குப் பதிலா உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கியிருக்கணும்."

அக்கா வந்தால் அக்காவின் மாமியாரை எப்படி விடுவது? அவளைக் கூப்பிட்டால் சுனில்தா முகத்தில் எப்படி விழிப்பது? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றது வேன் அல்ல, பஸ்.

பாட்டுப் பெட்டி, ஐஸ் பெட்டி, டொமினோ மேசை, மூன்று சட்டி ஸ்பகெட்டி என்று எல்லாம் ஏறின. தெருவே ஏறியது. கடைசியாக நோரிஸ் படியில் கால் வைத்தபோது நிற்கக்கூட இடமில்லை.

"நாம பைக்ல போயிடலாம்," என்றாள் கீழே நின்ற எலிஹியோவிடம், ஈனக்குரலில்.

"அதை அக்கா பையன் கேட்டான். எடுத்துட்டு முன்னாடியே போயிட்டான்."

கல்யாண நாளும் போச்சு, கடலும் போச்சு. வாய்க்கு ஸ்பகெட்டிகூட மிச்சமில்லை. இந்த ஓட்டைவாயனோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்து இறங்கினாள்.

டிரைவர் போலோ ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"எலிஹியோ அண்ணே, போன மாசம் நீங்க சொன்ன மாதிரியே வீட்ல ஒரு ஈ, காக்கா விடாம ஏத்திட்டேன். ராத்திரி ஒன்பதுக்கு முன்னாடி ஒருத்தரையும் திருப்பிக் கொண்டுவர மாட்டேன், கவலைப்படாதீங்க."