சாம்பியாவை மறைத்து நின்றவன்

படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச அந்தக் காலத்து லண்டனில் ஆள் இருக்கவில்லை. இதைக் குற்ற ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விசா, பெனிபிட் காசு, பள்ளி அனுமதி என்று டூட்டிங்கில் பாதித் தமிழ்ச் சனம் என் கையெழுத்தில்தான் அரசாங்கத்துக்கு அறிமுகமானது. எந்தக் கட்டத்துக்குள் எந்த நிற மையால் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கட்டத்துக்கு வெளியே எதுவுமே தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சனிக்கிழமை தேவைப்பட்டது.

எண்பதுகளின் கடைசி. எங்கள் சங்கத்தின் தமிழ்ப் பள்ளி நடந்த மண்டபத்தை நகரக் கவுன்சில் திரும்பக் கேட்டது. தொடர்ந்து தருவதென்றால், மற்றச் சமூகங்களிலும் எங்களுக்கு அக்கறை உண்டு என்று காட்ட வேண்டும். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. காட்டாவிட்டால் அறுபது பிள்ளைகள் 'அ' எழுத இடமில்லாமல் தெருவில் நிற்பார்கள். சங்கச் செயலாளர் நான். 'ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் மக்களையும் இயற்கை அதிசயங்களையும் அறிமுகப்படுத்தும் மாலை நிகழ்ச்சி' என்று நிரப்பினேன். (எழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட அழகாக வந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

"ஆர் பேசுறது?" என்றார் தலைவர் பொன்னுத்துரை அண்ணை.

"நான்தான். சாம்பியாவிலை நாலு வருசம் படிப்பிச்சனான்."

"அப்ப பயமில்லை. யானை, சிங்கம் எல்லாம் காட்டுவீரோ?"

"நாப்பது ஸ்லைட் இருக்கு அண்ணை. எல்லாம் இலக்கம் போட்டு வைச்சிருக்கிறன்."

அது முழு உண்மை. ஒவ்வொரு ஸ்லைடின் அட்டைச் சட்டத்திலும் இலக்கம், பொருள், இடம் எழுதியிருந்தது. அதற்கென ஒரு பதிவேடும் வைத்திருந்தேன். பதிவேட்டையும் சட்டங்களையும் மூன்று தடவை ஒப்பிட்டேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

"இஞ்சருங்கோ, ஒருக்கா படத்தைப் போட்டுப் பாத்தால் என்ன?" என்றாள் மனைவி மங்கை.

"எல்லாம் பதிவிலை இருக்கு" என்றேன். ஒழுங்காகப் பதிந்த ஒன்றை மறுபடி திறந்து பார்ப்பது பதிந்தவனை அவமதிப்பது. பதிந்தவன் நான்.

மண்டபம் நிறைந்தது. பெரியவர்கள் முன்வரிசையில். பின்னால் வடையும் தேநீரும் மங்கையின் பொறுப்பில். கவுன்சிலின் அதிகாரி வந்தார்: மிஸஸ் முலெங்கா, ஆப்பிரிக்கப் பெண்மணி. கை குலுக்கும்போதே ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்கள் படிவத்தைப் பார்த்ததும் நானே போகிறேன் என்று இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். நான் பிறந்தது கிட்வேயில்."

கிட்வே. நான் படிப்பித்த அதே ஊர். நல்ல சகுனம் என்று நினைத்தேன். (அந்த வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.)

விளக்கை அணைத்தார்கள். நீண்ட பிரம்பை நீட்டினேன். "விக்டோரியா நீர்வீழ்ச்சி, இலக்கம் ஒன்று. உலகின் மாபெரும் இயற்கை அதிசயங்களில் ஒன்றை இப்போது காண்கிறீர்கள்."

திரையில் நான் நின்றேன். சஃபாரி சூட்டில், கை கட்டி, சப்பாத்து முதல் வகிடு வரை முழுமையாக. என் இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் வெள்ளைப் புகை.

இலக்கம் இரண்டு, நானும் மங்கையும். இலக்கம் மூன்று, நான், மங்கை, தேநீர்ப் பிளாஸ்க். எங்கள் சனத்துக்குப் படம் என்றால் ஆள் நடுவில் நிற்க வேண்டும், கால் தெரிய வேண்டும். வெறும் தண்ணீரைப் படம் எடுப்பது ஃபிலிமை வீணாக்குவது. அந்த விதியை நான் பன்னிரண்டு நீர்வீழ்ச்சிப் படங்களிலும் பிசகாமல் கடைப்பிடித்திருந்தேன்.

சபை உயிர் பெற்றது.

"உது மங்கையக்காவே? என்ன மெலிவு!"

"மாஸ்டருக்கு அப்ப தலைமயிர் இருந்திருக்கு!"

"பின்னாலை என்ன புகையுது? ஆரும் குப்பை எரிக்கினமோ?"

யானை என் தோளிலிருந்து முளைத்த ஒரு வாலாக வந்தது. "மக்கள்" என்று தலைப்பிட்ட பகுதிக்கு ஓடித் தப்பினேன். முதல் ஸ்லைடில் எட்டு யாழ்ப்பாண வாத்திமார் சீட்டு விளையாடினார்கள். அடுத்ததில் அதே எட்டுப் பேர் புட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு அதே எட்டுப் பேர் ஒருவரை வழியனுப்பினார்கள்.

"உவர் எங்கட கொக்குவில் மாஸ்டரெல்லே!" என்று பொன்னுத்துரை அண்ணை எழும்பியே விட்டார்.

மிஸஸ் முலெங்கா கையை உயர்த்தினார். "செயலாளரே, முதல் படத்துக்குத் திரும்ப முடியுமா?"

திரும்பினேன். மறுபடி நான்.

"கீழே தரையில் ஒரு நிழல் இருக்கிறதே, தொப்பியோடு. நீர்வீழ்ச்சிப் படம் எல்லாவற்றிலும் இருந்தது. அது யார்?"

பன்னிரண்டு படத்திலும் என் சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்த அந்த நிழலை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன்.

"படம் எடுத்தவர். எங்கள் பள்ளி வாகனத்தின் சாரதி."

"பெயர்?"

நாலு வருடம் அவருடைய வாகனத்தில் போய் வந்தவன் நான். பதிவேட்டைப் புரட்டினேன். இலக்கம் இருந்தது, இடம் இருந்தது, ஃபிலிமின் வகைகூட இருந்தது. பெயர் மட்டும் இல்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். புரட்டுவதைச் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

"முசோண்டா" என்றது வடை மேசைப் பக்கமிருந்து ஒரு குரல். மங்கை கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள். "மிஸ்டர் முசோண்டா. அவரின்ரை மனிசிதான் எனக்கு அந்த ஊர்க் கீரை சமைக்கக் காட்டித் தந்தவ. எனக்குக் காய்ச்சல் வந்த நேரம் மூண்டு நாள் கூட இருந்தவ. இவருக்குத் தெரியாது, இவர் சீட்டு விளையாடப் போயிட்டார்." பிறகு மிஸஸ் முலெங்காவைப் பார்த்துத் தயங்கித் தயங்கி, "முலி ஷானி?" என்றாள். அந்த ஊர்ப் பெம்பா மொழியில் சுகம் விசாரிப்பதாம். நாலு வருடத்தில் நான் கேட்காத சொல்.

மிஸஸ் முலெங்கா பேனையை மூடிவிட்டு எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இருவரும் வடை மேசைக்குப் போனார்கள். சபையும் போனது. புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு நடுவே பிரம்போடு நான் நின்றேன். திரையிலும் நான்தான் நின்றேன்.

இரண்டு வாரத்தில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. முறைப்படி எழுதிய, குறை சொல்ல முடியாத நிராகரிப்பு: மக்களும் இயற்கை அதிசயங்களும் காணக் கிடைக்கவில்லை. கீழே மிஸஸ் முலெங்காவின் கையெழுத்தில் ஒரு வரி: 'அடுத்த விண்ணப்பத்தில் பேச்சாளராக உங்கள் மனைவியின் பெயரை எழுதவும்.'

அந்தக் குளிர்காலம் முழுவதும் அறுபது பிள்ளைகள் ஸ்ட்ரெதமில் பொன்னுத்துரை அண்ணையின் கராஜில் கோட்டுப் போட்டபடி 'அ' எழுதினார்கள். எழுதும் கையில் மட்டும் கையுறை இல்லை. பெற்றோர் என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் போனார்கள். கோடையில் மங்கை ஒரு ஸ்லைடும் இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசினாள். மண்டபம் கிடைத்தது. படிவத்தை நிரப்பியவன் நான். அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இப்போது நான் பென்ஷன்காரன். மகள் கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிறாள். அங்கே போய் டெலிவிஷனுக்கு முன்னால் கண்ணாடியைத் தேடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டால் போதும், சோபாவிலிருந்து குரல் வரும்:

"அப்பா, கொஞ்சம் விலகுங்கோ. ஆப்பிரிக்கா தெரியேல்லை."

விலகிவிடுகிறேன். இப்போதெல்லாம் விலகும்போது காலடியில் யாருடைய நிழலாவது கிடக்கிறதா என்று ஒருதரம் குனிந்து பார்க்கிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள்.