பிள்ளைக்கு வந்த பொடி

உண்மையைச் சொல்லிவிடுவது என்று சீனிச்சாமி முடிவெடுத்தான். ஆறு வருஷத்தில் இது நாற்பதாவது முடிவு. முந்தைய முப்பத்தொன்பதும் மனைவி யுவராணியின் முகத்தைப் பார்த்ததும் வாபஸ் ஆகிவிட்டன.

இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஃபரீதா, ஃபைலோடு செட்டியார்பட்டிக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் மதிவதனி அந்த ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷனில் பிறந்தாள். அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றில் சேரவேண்டிய நல்ல கிருமிகள் குறையலாம் என்று டாக்டரம்மா ஒரு பொடி டப்பா கொடுத்தார். மூன்று மாதம், தாய்ப்பாலில் கலந்து தினமும் ஒரு கரண்டி. ஆறு வயதில் வந்து பார்ப்போம் என்றார். புகட்டும் பொறுப்பைச் சீனிச்சாமி நெஞ்சை நிமிர்த்தி ஏற்றுக்கொண்டான்.

மூன்றாம் நாளே விரலில் தொட்டு நக்கிப் பார்த்தான். இனித்தது. வயிற்றுக்கு நல்லதாமே, நமக்கும் வாயுத்தொல்லை இருக்கிறதே என்று ஒரு கரண்டி போட்டான். அவ்வளவுதான், ஆள் ருசிக்கு அடிமையாகிவிட்டான். அன்றிலிருந்து கரண்டியைப் பிள்ளைக்குக் காட்டுவான், தன் வாயில் கொட்டுவான்.

டப்பா தீர்ந்த பிறகு பிள்ளை ஒருநாள் தும்மியது. சீனிச்சாமிக்கு உயிரே போய்விட்டது. நாம் தின்றதால்தான் தும்முகிறதோ? அன்றைக்குத் துணி துவைக்க ஆரம்பித்தவன் இன்னும் நிறுத்தவில்லை. குளிப்பாட்டினான், சடை பின்னினான், பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டான். பேண்டேஜ் மில்லில் வேலை முடிந்தால் டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "இப்படி ஒரு தகப்பனா!" என்று தெருவே மெச்சியது. மெச்சும்போதெல்லாம் அவனுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஃபரீதா பேனாவைத் திறந்தாள்.

"அடிக்கடி சளி, மூச்சிரைப்பு, தோல் அரிப்பு?"

"ஒண்ணும் கெடையாது சிஸ்டர்" என்றாள் யுவராணி.

சீனிச்சாமி குறுக்கே புகுந்தான். "அந்தப் பொடி குடுக்காட்டி பிள்ளைக்கு எதும் ஆகுமா?"

"அதைத் தெரிஞ்சுக்கிடத்தாண்ணே வீடு வீடா வாரோம். அதான் உள்ளதைச் சொல்லணும். பொடி விடாமக் குடுத்தியளா?"

"ஒரே ஒரு நாள் விட்டுப்போச்சு" என்றாள் யுவராணி.

"ஏன்?"

சீனிச்சாமியால் தாங்க முடியவில்லை. "ஒரு நாள் இல்ல சிஸ்டர்! எல்லா நாளும்! அம்புட்டையும் நாந்தான் தின்னேன்!"

பேனா நின்றது. கூடத்து மூலையில் விளையாடிக்கொண்டிருந்த மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் பொடியவாப்பா தின்னே?"

அந்த இடத்திலேயே தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது அவனுக்கு. பெற்ற பிள்ளையிடம் திருடியவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்துக் கண்கலங்கினான்.

யுவராணி அசரவில்லை. "நீங்க ஒரு நாள்னே எழுதுங்க சிஸ்டர். மறுநாளே இவுக மீசையில வெள்ளையா ஒட்டியிருந்ததைப் பாத்துட்டேன். பிள்ளை பொடிய எடுத்து மஞ்சத்தூளுக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, இவுக மில்லுக்குப் போன பொறவு நானே குடுத்தேன்."

"அப்ப நான் தின்னது?"

"பொட்டுக்கடலை மாவும் சீனியும்."

"பொட்டுக்கடலைக்கா ஏட்டி எனக்கு வாயு நின்னுச்சு?"

"டீக்கடை வடைய விட்டியள்ல, அதுக்கு நின்னுச்சு."

ஃபரீதா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ஃபைல் மட்டும் குலுங்கியது.

பிள்ளைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதி சீனிச்சாமிக்கு முதலில் வந்தது. பின்னாலேயே வெட்கம் இரண்டு மடங்காக வந்தது. அதற்கும் பின்னால், மெதுவாக, ஒரு கேள்வி வந்தது.

"ஆறு வருஷமா நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா இவ துணிய யாரு துவைச்சிருப்பா? வாளியில யூனிபார்ம் ஊறுது, போங்க."

சீனிச்சாமி போனான்.